சின்ன விமானம் கடல்ல இறங்கினா எப்படி வெளில வர்றது: கேப்டவுன் ட்ரெய்னிங் பத்தி என் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், வேலைக்காக சின்ன ப்ளேன்ல கடலுக்கு மேல அடிக்கடி பறக்கற ஆளா இருந்தா இந்த கோர்ஸ கண்டிப்பா போயிட்டு வாங்க, கம்பெனி காசு குடுக்கலனாலும் கைக்காசு போட்டு போங்க. கேப்டவுன்ல இருக்கற ஒரு கடல் பாதுகாப்பு ட்ரெய்னிங் சென்டர்ல பண்ணோம், விமானமோ ஹெலிகாப்டரோ தண்ணில விழுந்துட்டா உள்ள இருந்து உயிரோட எப்படி வெளில வர்றதுன்னு ஒரு நாள் முழுக்க சொல்லித் தர்றாங்க, இங்க எல்லாரும் ஹியூவெட்னு சொல்வாங்க. குறையும் இருக்கு, அதையும் ஒளிக்காம எழுதறேன், ஏன்னா சில குறை சரியாகலனா அது வெறும் சர்டிபிகேட் கோர்ஸா போயிடும்.

நாங்க டர்பன்ல வேலை பாக்கற ஒரு சின்ன தமிழ் குரூப். பாதிப் பேர் ஊர்ல இருந்து கான்ட்ராக்ட்ல வந்தவங்க, நான் தஞ்சாவூர் பக்கம், கூட வந்த அண்ணன் திருநெல்வேலி, வெல்டிங் இன்ஸ்பெக்ஷன்ல இருக்காரு, நீச்சல் சுத்தமா தெரியாது. இன்னொருத்தங்க எங்க ஆபீஸ் அக்கா, டர்பன்ல சாட்ஸ்வொர்த்ங்கற பகுதியிலயே பொறந்து வளந்தவங்க, கொள்ளுத்தாத்தா காலத்துல கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், தமிழ் பேச கொஞ்சம் தயங்குவாங்க ஆனா கோயில்ல தேவாரம் பாட ஆரம்பிச்சா நாம வாய மூடிட்டு கேக்கணும். எங்க எல்லாருக்கும் மொசாம்பிக் கரையோர சைட்டுக்கு அப்பப்ப சார்ட்டர் ப்ளேன்ல போற வேலை. போறது செஸ்னா கேரவன், ஒத்த இன்ஜின், பத்து பேர் போலதான் உக்காரலாம், இறக்கை தலைக்கு மேல இருக்கும், சக்கரம் உள்ள மடங்காது, பறக்கறப்பவும் வெளிலயே தொங்கிட்டு இருக்கும். இந்த ரெண்டு விஷயம், மேல இருக்கற இறக்கையும் மடங்காத சக்கரமும், பின்னாடி முக்கியமா வரும்.

இதே கேரவன் விமானம் ஒண்ணு 2013 டிசம்பர் 11ஆம் தேதி ஹவாய்ல கடல்ல இறங்குச்சு. மொலொக்காய் தீவுல கலாவுபாப்பாங்கற இடத்துல இருந்து ஹொனலூலுவுக்கு கிளம்பி, மேல ஏறிக்கிட்டு இருக்கறப்பவே டமார்னு ஒரு சத்தம், இன்ஜின் மொத்தமா போச்சு. டர்பைன்ல இருக்கற பிளேடுங்க உடைஞ்சதுதான் காரணம்னு அப்பறமா விசாரணைல சொன்னாங்க. பைலட்டோட சேத்து 9 பேர். பைலட் கவுக்காம நேரா தண்ணில இறக்கிட்டாரு, 9 பேரும் வெளில வந்துட்டாங்க, ஒருத்தர் நீந்தியே கரைக்குப் போயிட்டாரு, மத்தவங்கள ரெஸ்க்யூ டீம் வந்து தூக்குச்சு. ஆனா ஒருத்தங்க மட்டும் தண்ணிலயே இறந்துட்டாங்க. அந்த விசாரணைல ரெண்டு விஷயம் வருது, ரெண்டும் என் மனச விட்டுப் போகல. கிளம்பறதுக்கு முன்னாடி பைலட் சேஃப்டி விஷயம் எதுவும் சொல்லல. இறந்தவங்க மேல இருந்தது கைக்குழந்தைக்கான லைஃப் ஜாக்கெட், அதுவும் பாதிதான் ஊதியிருந்துச்சு. விமானம் தண்ணில இறங்கினது நல்லபடியா முடிஞ்சுது, அதுக்கப்பறம் என்ன பண்றதுன்னு உள்ள இருந்தவங்களுக்கு யாரும் சொல்லி வைக்கல. உள்ள கேமரா வெச்சிருந்த ஒரு பயணி எடுத்த வீடியோ இருக்கு, கோர்ஸ் போறதுக்கு முன்னாடி அதப் பாத்துட்டுப் போங்க, அலறல் இல்ல, அடிதடி இல்ல, ஒவ்வொருத்தரா கதவு பக்கம் போறாங்க. அவ்ளோ அமைதியா நடந்ததுலயே ஒரு உயிர் போயிருக்கு.

அதப் பாத்த அன்னைக்கே ஆபீஸ்ல பேச்சு ஆரம்பிச்சுது. எங்க வீட்டுக்காரர் "நீ அந்த வேலையே வேணாம்னு சொல்லிடு"ன்னாரு, அக்கா "வேலைய விடறது ஒரு வழி தங்கச்சி, கத்துக்கறது இன்னொரு வழி"ன்னாங்க. சரின்னு புக் பண்ணிட்டோம்.

நாங்க போனப்ப கோர்ஸ் ஆளுக்கு நாலாயிரம் ராண்டுக்கு மேல வந்துச்சு, அதுல மத்தியான சாப்பாடு சேத்தி. டாக்டர் கிட்ட ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிட்டுப் போகணும், பிரஷர், ஆஸ்துமா, காது பிரச்சனை இருந்தா முன்னாடியே சொல்லணும், ஒளிக்காதீங்க, தண்ணிக்குள்ள போனப்பறம் சொல்லி பிரயோஜனம் இல்ல. காலைல க்ளாஸ், அப்பறம் பூல்.

க்ளாஸ் எடுத்தவரு முன்னாடி கடல்ல ரெஸ்க்யூ வேலை பாத்தவராம், குரல ஏத்தாம பேசறவரு, பயமுறுத்தறதுக்குன்னு ஒரு வார்த்த கூட பேசல. மொதல் கேள்வியே "தண்ணில இறங்கின விமானத்துல ஆளுங்க எதனால சாகறாங்க"ங்கறதுதான். எல்லாரும் அடிபட்டுன்னு சொன்னோம். அடிபட்டும் சாகறாங்க, ஆனா அடிபடாம தப்பிச்சவங்க வெளில வரத் தெரியாம உள்ளயே முழுகறதுதான் கொடுமைன்னு சொல்லிட்டு 1996ல ஆப்பிரிக்கா பக்கத்துல இருக்கற கொமொரோஸ் தீவுகள்ல நடந்தத எடுத்தாரு. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் போயிங் 767, கடத்தினவங்க ஆஸ்திரேலியா போகச் சொல்லி அடம்பிடிச்சு எரிபொருள் தீந்து போய் கடற்கரை ஓட்டல் ஒண்ணுக்கு எதிர்ல கடல்ல இறங்குச்சு. நம்ம தென்னாப்பிரிக்கால இருந்து தேனிலவுக்குப் போன ஒரு ஜோடிதான் அத கரையில நின்னு வீடியோ எடுத்தாங்க, டிவில பாத்திருப்பீங்க, இடது பக்க இறக்கை தண்ணில உரசி அப்படியே உடைஞ்சு புரளும். 175 பேர்ல 125 பேர் செத்துட்டாங்க. அதுல நெறைய பேர் விமானம் தண்ணிய தொடறதுக்கு முன்னாடியே லைஃப் ஜாக்கெட்ட ஊதி வெச்சுட்டாங்க. தண்ணி உள்ள ஏற ஏற ஜாக்கெட் அவங்கள கூரைக்குத் தூக்கிட்டுப் போயிடுச்சு, கதவு இருக்கறது கீழ, முழுகி கீழ போகவும் ஜாக்கெட் விடாது. காப்பாத்தற சாமான் அப்படித்தான் ஆளக் கொல்லும்னு அவர் சொன்னப்ப க்ளாஸ்ல ஒருத்தரும் பேசல.

ப்ளேன்ல ஏறினா ஏர்ஹோஸ்டஸ் "வெளில வந்தப்பறம்தான் ஊதணும்"னு சொல்றத நான் எத்தன தடவ காதுல வாங்காம ஜன்னல் வழியா பாத்துட்டு இருந்திருப்பேன், நம்ம எல்லாரும் அப்படித்தான, ஏன் அப்படிச் சொல்றாங்கன்னு ஒருத்தர் விளக்கினா நாம மறக்கவே மாட்டோம். காரணத்தோட சொல்லித் தர்றதுதான் இந்த க்ளாஸோட பெரிய பலம்.

2005ல சிசிலிக்குப் பக்கத்துல கடல்ல இறங்கின ஏடிஆர் 72ங்கற விமானத்தப் பத்தியும் சொன்னாரு. இத்தாலில பாரி ஊர்ல இருந்து துனீசியாவுக்குப் போயிட்டு இருந்த விமானம், ரெண்டு இன்ஜினும் நின்னு போச்சு. காரணம் என்னன்னா, ஏடிஆர் 42ங்கற சின்ன மாடலுக்கு மாட்ட வேண்டிய எரிபொருள் மீட்டர இதுல மாட்டி வெச்சிருக்காங்க, டேங்க் காலியா இருக்கறப்பவும் மீட்டர்ல எண்ணெய் இருக்கற மாதிரி காட்டியிருக்கு. 39 பேர்ல 16 பேர் போயிட்டாங்க, 23 பேர் பிழைச்சாங்க. "ரெண்டு இன்ஜின் இருக்கு பயமில்ல"ன்னு நம்ம ஆளுங்க சொல்வாங்கல்ல, எண்ணெய் இல்லனா ரெண்டும் ஒண்ணுதான். இன்ஸ்பெக்ஷன் வேலைல இருக்கற நம்ம அண்ணன் இதக் கேட்டதும் நோட்ட மூடி வெச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் "ஒரு பார்ட் நம்பர சரியா பாக்காததுக்கு பதினாறு உசுரும்மா"ன்னு மட்டும் சொன்னாரு.

நியூயார்க்ல ஹட்சன் ஆத்துல பயணிகள் விமானத்த இறக்கினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, 2009 ஜனவரி 15, பறவை மோதி ரெண்டு இன்ஜினும் போய் கேப்டன் சல்லன்பெர்கர் இறக்கினாரு, 155 பேரும் பிழைச்சாங்க. ஆனா அதுலயும் லைஃப் ஜாக்கெட்ட ஒழுங்கா மாட்டிட்டு வெளில வந்தவங்க விரல் விட்டு எண்ற அளவுதான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பக்கத்துலயே படகு இருந்துச்சு, வந்து தூக்கிட்டாங்க. மொசாம்பிக் கரைல நமக்கு யாரு படகு ரெடியா வெச்சிருக்கா?

சரி பூலுக்கு வர்றேன், அதுதான் இந்த கோர்ஸோட உயிர்.

மொதல்ல ஓவரால், ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் குடுக்கறாங்க. ஜாக்கெட்ட ஒவ்வொருத்தரையும் கைல வாங்கி புரட்டிப் பாக்கச் சொல்றாரு. ஒரு சின்ன சிலிண்டர், கார்பன் டை ஆக்சைட் அடைச்சது, அது இறுக்கமா திருகியிருக்கான்னு விரலால பாக்கணும். கீழ தொங்கற சிவப்பு நாடாவ வெடுக்குன்னு இழுத்தா ஊதிக்கும், இழுத்தும் ஊதலனா தோள்பட்டை கிட்ட ஒரு ரப்பர் குழாய் இருக்கும் அதுல வாயால ஊதணும். விசில் ஒண்ணு, தண்ணி பட்டா எரியற லைட் ஒண்ணு. சர்வீஸ் தேதி எழுதின லேபிள் இருக்கும், அத பாக்கணும். இத்தன வருஷமா சீட்டுக்கு அடில கால்ல இடிச்சுட்டு இருந்த பொட்டலத்த அன்னைக்குத்தான் பிரிச்சுப் பாத்தேன், சொல்லி வெச்ச மாதிரி க்ளாஸ்ல இருந்த எல்லாரும் அதயேதான் சொன்னாங்க.

இதுல ஒரு முக்கியமான தகவல், ஜாக்கெட் வாங்கலாம்னு நெனைக்கறவங்க கவனிங்க. படகுக்காரங்களுக்கு விக்கற ஜாக்கெட் சிலது தண்ணி பட்டாலே தானா ஊதிக்கும், உள்ள உப்பு மாதிரி ஒரு மாத்திரை இருக்கும், அது கரைஞ்சதும் ஊசி குத்தி சிலிண்டர் திறந்துக்கும். அத விமானத்துக்குள்ள போட்டுட்டு உக்காராதீங்க. தண்ணி உள்ள வந்ததும் ஊதிக்கிச்சுன்னா கொமொரோஸ்ல நடந்தது உங்களுக்கும் நடக்கும். கையால இழுத்து ஊதற டைப்தான் வேணும், இடுப்புல பெல்ட் மாதிரி கட்டிக்கற பை டைப் இருக்கு, சின்ன ப்ளேனுக்கு அதுதான் பெஸ்ட், ஏறறப்பவே கட்டிட்டு உக்காந்துடலாம், அவசரத்துல சீட்டுக்கு அடில குனிஞ்சு தேட வேண்டியதில்ல. எங்க டீம்ல ஒருத்தர் பாசமா தன் பொண்ணுக்கு படகு ஜாக்கெட் ஆர்டர் பண்ணியிருந்தாரு, அன்னைக்கு சாயங்காலமே போன் பண்ணி மாத்தச் சொல்லிட்டோம்.

அடுத்தது ராஃப்ட்ல ஏறறது, தண்ணில இருந்து அந்த ரப்பர் மிதவை மேல ஏறறது பாக்கறதுக்கு லேசா தெரியும், ஈர ஓவராலோட கை வழுக்கி வழுக்கி விழும். நீச்சல் தெரிஞ்சவங்கள விட, கால உதைச்சு உடம்ப மொதல்ல படுக்கப் போட்டு அப்பறம் இழுக்கற டெக்னிக் தெரிஞ்சவங்கதான் ஏறினாங்க. அப்பறம் முட்டிய நெஞ்சோட ஒட்டி கைய கட்டிட்டு மிதக்கறது, கூட்டமா தோளோட தோள் சேந்து வட்டமா நிக்கறது, சூடு போகாம இருக்கறதுக்கு. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கால்ல கோத்துக்கிட்டு ரயில் மாதிரி சேந்து நீந்தறதும் உண்டு. இதெல்லாம் வேகமா முடிஞ்சுது.

அப்பறம்தான் அந்த கூண்டு.

இரும்புல செஞ்ச ஒரு கேபின், உள்ள சீட், பெல்ட், ஜன்னல் எல்லாம் இருக்கும், மேல க்ரேன்ல தொங்கும். நம்மள உள்ள உக்கார வெச்சு கட்டிட்டு, கிணத்துல வாளி இறக்கற மாதிரி பூல்ல இறக்கறாங்க. தண்ணி கால்ல ஏறும், முட்டி, இடுப்பு, நெஞ்சு. மூச்ச இழுத்து அடக்கணும், தண்ணி தலைக்கு மேல போகும். டைவர்ங்க சுத்தி நிக்கறாங்க, யாராவது திணறினா அந்த நிமிஷமே தூக்கிடுவாங்க, அந்த விஷயத்துல நூத்துக்கு நூறு நம்பிக்கை வெக்கலாம்.

மொதல்ல நேரா இறக்குவாங்க, அது பரவாயில்ல. அப்பறம் கூண்ட தலைகீழா திருப்புவாங்க. ஹெலிகாப்டருக்கு இன்ஜின் பாரம் மேல இருக்கறதால தண்ணில விழுந்தா கவுந்துடும், அதுக்காகத்தான் இப்படி. கேரவன் மாதிரி சக்கரம் மடங்காத விமானமும் சக்கரம் மொதல்ல தண்ணில மாட்டி மூக்கு குத்தி கவுற வாய்ப்பு இருக்கு, ஹவாய்ல கவுறாம போனது பெரிய விஷயம். தலைகீழா தொங்கறப்ப மூக்குக்குள்ள தண்ணி ஏறி நெத்தி வரைக்கும் சுள்ளுன்னு எரியும் பாருங்க, அந்த எரிச்சல்ல எது மேல எது கீழன்னு மூளைக்கு ஒண்ணும் புரியாது. கண்ண தொறந்தா நுரைதான். இடது கை வலது கைன்னு சொன்னா எந்தப் பக்கம்னு தெரியாது. அந்த நேரத்துல நம்மள காப்பாத்தற ஒரே விஷயம் கைதான். ஒரு கைய ஜன்னல் சட்டத்துல வெச்சு கெட்டியா பிடிச்சுக்கணும், இன்னொரு கைய பெல்ட் பக்கிள்ல வெச்சுக்கணும். கூண்டு ஆடறது நிக்கற வரைக்கும் ஒண்ணும் பண்ணக் கூடாது. நின்னதும் ஜன்னல தள்ளணும், ஜன்னல் போனது கைக்குத் தெரிஞ்சப்பறம்தான் பெல்ட்ட அவுக்கணும், அப்பறம் அந்தப் பிடிச்ச கைய வெச்சே உடம்ப இழுத்து வெளில கொண்டு போகணும். உலகம் தலைகீழா திரும்பினாலும் ஜன்னல் நம்ம கைல இருந்து எங்கயும் போகாது. அவ்ளோதான் மொத்த வித்தையும்.

எங்க பேட்ச்ல ஒரு பையன், நல்ல நீச்சல்காரன், பள்ளிக்கூடத்துல மெடல் வாங்கினவன்னு சொன்னான், தலைகீழா திரும்பறப்பவே பெல்ட்ட அவுத்துட்டான். உடனே உடம்பு மிதந்து தரைப் பக்கமா ஒட்டிக்கிச்சு, அதாவது அப்ப மேல இருக்கற தரை, கை ரெண்டும் துழாவிட்டு இருக்கு, பக்கத்துல இருக்கற ஜன்னல் அவனுக்குத் தெரியவே இல்ல. டைவர் போய் இழுத்துட்டு வந்தாரு. நீச்சலே தெரியாத நம்ம திருநெல்வேலி அண்ணன் சொன்னத சொன்னபடி செஞ்சு கை எடுக்காம வெளில வந்துட்டாரு. அவரு கீழ போறதுக்கு முன்னாடி அக்கா கரைல இருந்து கத்தினது இன்னும் காதுல இருக்கு, "அண்ணா, கைய எடுக்காதீங்க, என்ன ஆனாலும் ஜன்னல்ல இருந்து கைய எடுக்காதீங்க!" மேல வந்து மூச்சு வாங்கிட்டு அவரு கேட்ட மொத கேள்வி "இன்னொரு தடவ போகலாமா"ன்னு. நீச்சல் தெரியாதுன்னு தயங்கறவங்க இத மனசுல வெச்சுக்கோங்க.

இப்ப குறைங்க.

பெரிய குறை, கோர்ஸ் முழுக்க ஹெலிகாப்டர வெச்சுதான் ஓடுது. கூண்டுல ஜன்னல் தள்ளினா போயிடும். நாங்க போற கேரவன்ல பயணிகள் பக்கத்து ஜன்னல் அப்படி தள்ளினா போகாது, அது வழி இல்ல. பயணிகள் கதவு வலது பக்கம் பின்னாடி, மேல் பாதி கீழ் பாதின்னு ரெண்டா திறக்கும், இடது பக்கம் பின்னாடி சாமான் ஏத்தற பெரிய கதவு, முன்னாடி பைலட் பக்கம் ரெண்டு சின்ன கதவு. அப்ப நடுவுல உக்காந்திருக்கறவங்க ஜன்னல் சட்டத்த பிடிச்சு என்ன பண்றது? நான் இத க்ளாஸ்லயே கேட்டேன். அவரு கோவப்படாம உக்காந்து விளக்கினாரு, சீட்ட எண்ணணும், என் சீட்டுல இருந்து கதவு வரைக்கும் எத்தன சீட் முதுகு தொடணும்னு ஏறினதுமே கையால தொட்டு எண்ணி வெச்சுக்கணும், கதவு கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும்னு தரைல இருக்கறப்பவே பாக்கணும்னாரு. பதில் அருமையான பதில், ஆனா கேட்டதாலதான வந்துச்சு, அது பாடத்துலயே இருக்க வேண்டாமா? இங்க இருந்து மொசாம்பிக், தீவு ஓட்டல்னு ஒத்த இன்ஜின் விமானத்துல போறவங்க எவ்ளோ பேர் இருக்காங்க.

இறக்கை மேல இருக்கற விமானம் எப்படி மிதக்கும்னும் அதே பேச்சுல சொன்னாரு. இறக்கை தண்ணி மட்டத்துக்கு வர்ற வரைக்கும் உடம்பு அமுங்கும், அதனால நாம உக்காந்திருக்கற இடத்துல தண்ணி சீக்கிரம் ஏறும், ஹட்சன்ல இறக்கை கீழ இருக்கற பெரிய விமானத்துல ஜனங்க இறக்கை மேல நின்னுட்டு இருந்தாங்களே அந்தப் படத்த மனசுல வெச்சுக்காதீங்கன்னாரு. பைலட் பக்கத்துல இருந்து பாத்தா அலைக்கு குறுக்க மோதாம அலை ஓடற வாக்குல இணையா இறக்குவாங்களாம், ப்ரொப்பெல்லர் இலைய காத்த கிழிக்கற வாக்குல திருப்பி வெச்சு முடிஞ்ச வரைக்கும் மிதந்து வருவாங்களாம். ஆயிரம் அடி உயரம் இருந்தா ஒரு நிமிஷம் சொச்சம் கிடைக்கும். அந்த ஒரு நிமிஷத்துல மேல கழட்டி வெச்ச கண்ணாடிய தேடறதா, போன தேடறதா, ஜாக்கெட்ட தேடறதா? இடுப்புலயே கட்டியிருந்தா தேட வேண்டியதே இல்ல.

ரெண்டாவது குறை, பூல் தண்ணி இதமா இருக்கு. கேப்டவுன்ல வெளில அட்லாண்டிக் பக்கம் கடல் எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், வெயில் காலத்துலயும் கால் வெச்சா எலும்பு வரைக்கும் குத்தும். குளிர் தண்ணில விழுந்தா மொதல் ஒரு நிமிஷம் மூச்சு தன்னால இழுத்துக்கும், அத அடக்கி சரி பண்ணணும், அடுத்த பத்து நிமிஷம்தான் கை கால் ஒழுங்கா வேலை செய்யும், அப்பறம் ஒரு மணி நேரம் போல நினைவு இருக்கும், ஒண்ணு பத்து ஒண்ணுன்னு மனப்பாடம் பண்ண வெச்சாங்க. ஆனா அத உடம்புக்கு காட்டல. ஐஸ் போட்ட ஒரு தொட்டி வெச்சு கைய விடச் சொன்னா கூட போதும், புரிஞ்சிடும். டர்பன், மொசாம்பிக் பக்கம் தண்ணி அவ்ளோ குளிராது, அதனால நமக்கு நேரம் கூட கிடைக்கும், சரிதான், ஆனா இதே கோர்ஸ முடிச்சுட்டு மேற்குக் கடல் பக்கம் வேலைக்குப் போறவங்களும் எங்க பேட்ச்ல இருந்தாங்க.

மூணாவது, பொம்பளைங்களுக்கு வசதி பத்தல. உடை மாத்தற இடம் ரொம்ப சின்னது, ஓவரால் எல்லாம் ஆம்பளைங்க அளவு, அக்காவுக்கும் எனக்கும் கால் பகுதி மடிச்சு மடிச்சு கட்ட வேண்டியதா போச்சு, தண்ணிக்குள்ள அது அவுந்து கால்ல சுத்திக்கிச்சு. தண்ணிக்கு அடில இருக்கறப்ப இது சின்ன விஷயம் இல்ல. தலைமுடி நீளமா இருக்கறவங்க இறுக்கமா பின்னி உள்ள மடிச்சு கட்டிட்டு போங்க, தாலிச் சங்கிலி, வளையல் எல்லாம் வீட்டுலயே வெச்சுட்டு போங்க, அக்கா மஞ்சக் கயிறு மட்டும் கட்டிட்டு வந்தாங்க, அத சென்டர்காரங்க ஒண்ணும் சொல்லல. லென்ஸ் போடறவங்க கழட்டிடுங்க.

சாப்பாடு சுமார், சைவம்னு முன்னாடியே எழுதிக் குடுத்தும் சீஸ் சாண்ட்விச்தான். நாங்க எலுமிச்ச சாதம் கட்டிட்டுப் போனதால தப்பிச்சோம், க்ளாஸ் எடுத்தவருக்கும் ஒரு டப்பா குடுத்தோம், ஊறுகாயோட சேத்து முழுசா சாப்பிட்டாரு.

திரும்பி வந்தப்பறம் என்ன மாறுச்சுன்னு கேட்டா, அதச் சொல்றதுக்குத்தான் இவ்ளோ எழுதினேன். எங்கள ஏத்திட்டுப் போற சார்ட்டர்காரங்க கிளம்பறப்ப ஒழுங்கா எதுவும் சொல்ல மாட்டாங்க, "பெல்ட் போட்டாச்சா"ன்னு கேட்டுட்டு கிளம்பிடுவாங்க. கோர்ஸ் முடிச்சுட்டு வந்த மொத பயணத்துலயே அண்ணன் ஏறி உக்காந்துட்டு "கேப்டன், ஜாக்கெட் எங்க இருக்குன்னு காட்டுங்க, கதவு எப்படி திறக்கும்னு எல்லாருக்கும் காட்டுங்க, அப்பறம் கிளம்பலாம்"னு சொன்னாரு. பைலட் சின்னப் பையன், முகம் சுளிக்கல, இறங்கி வந்து கதவ திறந்து மூடிக் காட்டினாரு. சீட்டுக்கு அடில இருந்த ஜாக்கெட்ட ஒவ்வொருத்தரும் எடுத்து தேதி பாத்தோம், ரெண்டு ஜாக்கெட் தேதி தாண்டியிருந்துச்சு. எழுதிக் குடுத்தோம், அடுத்த பயணத்துக்குள்ள மாத்திட்டாங்க. கேட்டா செய்யறாங்க, கேக்காத வரைக்கும் யாருக்கும் அது வேலையா தெரியல. ஹவாய்ல அந்த விமானத்துல ஏறினப்ப யாராவது ஒருத்தர் இப்படிக் கேட்டிருந்தா, எது பெரியவங்க ஜாக்கெட் எது குழந்தை ஜாக்கெட்னாவது தெரிஞ்சிருக்கும்ல.

இப்ப எங்க டீம்ல எல்லாரும் இடுப்புல கட்டற பை ஜாக்கெட் வாங்கிட்டோம், கம்பெனி கிட்ட சண்டை போட்டு பாதிக் காச வாங்கினோம். ஏறினதும் கதவு வரைக்கும் சீட்ட தொட்டு எண்றது பழக்கமாயிடுச்சு. புதுசா ஊர்ல இருந்து வர்ற பசங்க மொத தடவ பாத்தா என்னமோன்னு பாப்பாங்க, அவங்களுக்கும் உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கறோம், தமிழ்ல சொன்னா சட்டுனு புரியுது, க்ளாஸ்ல இங்கிலீஷ்ல வேகமா சொன்னப்ப நம்ம பசங்க சிலர் தலையாட்டிட்டே இருந்தாங்க, கூண்டுல இறங்கறப்பதான் பாதி புரியலன்னு தெரிஞ்சுது. சென்டர்காரங்க இத கவனிக்கணும், ஜூலு, போர்த்துகீஸ் பேசறவங்களும் நெறைய வர்றாங்க, மொழி தெரிஞ்ச ஒரு ஆள கூட வெச்சா எவ்ளோ நல்லா இருக்கும்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். டைவர்ங்களுக்கும் அந்த சாருக்கும் அஞ்சுக்கு அஞ்சு. குறைச்ச ஒண்ணு, கேரவன் மாதிரி விமானத்துக்கு தனியா கதவு பயிற்சி இல்லாததுக்கும் பொம்பளைங்க ஓவராலுக்கும். சர்டிபிகேட் நாலு வருஷத்துக்கு செல்லும், ஆனா அவ்ளோ நாள் காத்திருக்காம நடுவுல ஒரு தடவ பூல்ல போய் பழகிக்கறது நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க, ரெஃப்ரெஷர் காசு கம்மி. ரெண்டு குறையையும் எழுதி மெயில் அனுப்பியிருக்கோம், சின்ன சைஸ் ஓவரால் வாங்கறோம்னு பதில் வந்துடுச்சு, கதவு பயிற்சி பத்தி பேசிட்டு சொல்றோம்னாங்க. புக் பண்றவங்க ஃபார்ம்லயே "நாங்க போறது ஒத்த இன்ஜின் விமானம், அதுக்கு சொல்லிக் குடுங்க"ன்னு எழுதி அனுப்புங்க, நெறைய பேர் கேட்டாதான் அவங்களும் சேப்பாங்க.